நிற்கிற விமானத்தை நம்பாதே!

விமானம் என்றால் ஆபத்து ஆகாயத்தில்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அது தப்பு. 2 பேர், 4 பேர் ஏறும் குட்டி விமானத்தில் ஆபத்து தரையிலேயே காத்திருக்கிறது!

2011-ம் ஆண்டு டிசம்பர் 3-ந் தேதி. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம். கிறிஸ்துமஸ் விளக்கு அலங்காரத்தை வானத்தில் இருந்து பார்க்க 23 வயது இளம்பெண் ஒருவர் சிறிய விமானத்தில் போனார். விமானம் பத்திரமாகத் தரை இறங்கியது. அவரும் இறங்கினார். முன்னால் விசிறி சுற்றிக்கொண்டு இருந்தது. அதில் மோதினார். இடது கை போயிற்று. இடது கண்ணும் போயிற்று. உயிர் பிழைத்ததே பெரிது!

கண்ணுக்குத் தெரியாது

"புரொப்பெல்லர்" எனப்படும் இந்த விசிறி வேகமாகச் சுற்றும்போது கண்ணுக்குத் தெரியாது. வீட்டு மின்விசிறியை முழு வேகத்தில் வைத்துப் பாருங்கள். இறக்கை தெரிகிறதா? அதே கதைதான்.

பயிற்சிக்குப் பயன்படும் "செஸ்னா 152" விமானத்தின் விசிறி நிமிடத்துக்கு 2,550 தடவை வரை சுற்றும். அப்போது அதன் நுனி மணிக்கு 800 கிலோ மீட்டருக்கு மேல் பாய்கிறது. நுனியில் மஞ்சள், சிவப்பு என்று பளிச் வர்ணம் அடிப்பது இதனால்தான்.

என்ஜின் நின்ற பிறகே ஆள் ஏற வேண்டும், இறங்க வேண்டும். இறங்கியதும் வால் பக்கமாகத்தான் நடக்க வேண்டும்.

சாவி பொய் சொல்லும்

சரி, விசிறி நின்றுவிட்டது. இனி தொடலாமா? கூடாது!

"சாவியைத்தான் ஆப் பண்ணியாச்சே, அப்புறம் என்ன பயம்?" என்று கேட்கலாம். காருக்கு அது சரி. இந்த விமானத்துக்குச் சரி அல்ல.

இதன் என்ஜினில் தீப்பொறி கொடுப்பது பேட்டரி அல்ல, "மேக்னெட்டோ" என்ற காந்தக் கருவி. ஒரு என்ஜினுக்கு 2 மேக்னெட்டோ. விசிறி சுற்றினால் அதுவும் சுற்றும். அது சுற்றினால் பொறி பறக்கும். பேட்டரியே வேண்டாம்!

சாவியை மூடினால் என்ன நடக்கிறது? அந்த மின்சாரம் ஒரு கம்பி வழியாக "எர்த்" ஆகிவிடுகிறது. அவ்வளவுதான். அந்தக் கம்பி அறுந்திருந்தால் சாவி பாக்கெட்டில் இருக்கும். மேக்னெட்டோ உயிரோடு இருக்கும்!

சிலிண்டரில் கொஞ்சம் பெட்ரோல் ஆவி மிச்சம் இருந்தால் போதும். விசிறியை லேசாகத் தள்ளினாலும் என்ஜின் உதைக்கும். தள்ளியவர் கை மிஞ்சாது.

ஆகவேதான் பைலட்டுகள் முதலில் பெட்ரோல் கலவையை அடைத்து, சிலிண்டரைக் காயவிட்டு என்ஜினை நிறுத்துகிறார்கள். பிறகே சாவியை மூடுகிறார்கள்.

"காண்டாக்ட்!"

1958-ல் முதன் முதலாகப் பறந்த "புஷ்பக்" நம் நாட்டு விமானம். எச்.ஏ.எல். கட்டியது. பறக்கும் கிளப்புகளில் பலர் அதில்தான் பழகினார்கள். அதன் விசிறியைக் கையாலேயே சுற்றிவிடுவார்கள். பழைய லாரிக்கு ஹேண்டில் போடுவது போல!

அந்த வேலைக்கு 2 பேர் வேண்டும். உள்ளே பிரேக்கில் ஒருவர், வெளியே விசிறி அருகே ஒருவர். சக்கரத்துக்கு முட்டுக்கட்டை. வெளியே நிற்பவர் "சுவிட்ச் ஆப்" என்று கத்துவார். உள்ளே இருப்பவர் அதையே திருப்பிச் சொன்னால்தான் விசிறியில் கை வைப்பார். "காண்டாக்ட்!" என்றதும் சுவிட்ச் போடப்படும். ஒரே இழுப்பு. இழுத்த வேகத்தில் ஆள் பின்னுக்குப் போய்விட வேண்டும். விரலை மடக்கிப் பிடிக்கக்கூடாது. கழுத்தில் துண்டு, தொளதொள சட்டை எதுவும் ஆகாது.

தள்ளுவது எப்படி?

விமானத்தை இடம் மாற்றும்போதும் விசிறியைப் பிடித்து இழுக்கக்கூடாது. முன் சக்கரத்தில் மாட்டி இழுக்கத் தனிக் கம்பி உண்டு. செஸ்னா 152-ல் அந்தச் சக்கரத்தை ஒரு பக்கத்துக்கு 30 டிகிரிக்கு மேல் திருப்பக்கூடாது. வேலை முடிந்ததும் கம்பியைக் கழற்ற வேண்டும். மறந்துபோய் என்ஜினைக் கிளப்பினால், விசிறி அதன்மேல் அடிக்கும்!

புயலில் பறக்கும்

ஆள் இல்லாமலே விமானம் எழும்பும் ஆபத்தும் உண்டு. செஸ்னா 152-ன் வெறும் எடை சுமார் 500 கிலோதான். அம்பாசிடர் காரில் பாதிகூட இல்லை. மணிக்கு 90 கிலோ மீட்டர் காற்று எதிரே வந்தால் இறக்கை தூக்கப் பார்க்கும். 2016 டிசம்பர் 12-ந் தேதி சென்னையைத் தாக்கிய "வர்தா" புயலில் காற்று 100 கிலோ மீட்டருக்கு மேல் வீசியதை யாரும் மறக்க முடியாது.

எனவே 2 இறக்கையிலும் வாலிலுமாக 3 இடத்தில் கயிறு போட்டு விமானத்தைத் தரையோடு கட்ட வேண்டும். வால் மடிப்புகள் காற்றில் அடித்துக்கொள்ளாதபடி ஸ்டீயரிங்குக்கும் பூட்டுக் கம்பி போட வேண்டும். கிளம்புமுன் கயிறு, கட்டை, கம்பி எல்லாவற்றையும் எடுத்தாயிற்றா என்று ஒரு சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும்.

என்ஜின் நின்று ஒரு மணி நேரம் ஆனாலும் சரி, ஒரு நாள் ஆனாலும் சரி. விசிறி சுற்றும் வட்டத்துக்குள் தலை, கை, கால் எதையும் நீட்டாதீர்கள்!