குழாயை ஆட்டும் சுழல்கள்: கணினி எப்படிக் கணிக்கிறது?

ஓடும் நீரின் குறுக்கே ஓர் உருளை நின்றால், அதன் பின்புறத்தில் நீர் மேற்பரப்பை ஒட்டிச் செல்ல முடியாமல் பிரிகிறது. பிரிந்த நீர் ஒருமுறை இடப்பக்கமும் மறுமுறை வலப்பக்கமுமாகச் சுழல்களாகச் சுருண்டு கழன்று போகிறது. சுழல் உருவாகும் பக்கத்தில் அழுத்தம் குறைவதால் உருளை அந்தப் பக்கம் இழுபடுகிறது. காற்றிலும் இதே கதைதான். கடலடி எண்ணெய்க் கிணற்றிலிருந்து மேலே வரும் குழாய், ஆலைப் புகைபோக்கி, உயரழுத்த மின்கம்பி, அணுமின் நிலையத்து நீராவி உற்பத்திக் கலனின் குழாய் என எல்லாமே இந்தக் கணக்கில் உருளைகள்தாம்.

சுழல்கள் கழலும் வேகத்தைக் கணிப்பது எளிது. செக் இயற்பியலாளர் ஸ்ட்ரௌஹால், காற்றில் கம்பி எழுப்பும் ஒலியை ஆராய்ந்து 1878இல் இதற்கு வழிகாட்டினார். ஓட்டத்தின் வேகத்தை உருளையின் விட்டத்தால் வகுத்து, சுமார் 0.2ஆல் பெருக்கினால் போதும். வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் நீரில் 10 செ.மீ. விட்டமுள்ள குழாய் இருந்தால், அது வினாடிக்கு 2 முறை பக்கவாட்டில் அசைக்கப்படும்.

அந்த எண் குழாயின் இயல்பு அதிர்வெண்ணை, அதாவது தட்டிவிட்டால் அது தானாக ஆடும் தாளத்தை, நெருங்கும்போதுதான் சிக்கல். ஆடத் தொடங்கிய குழாய், சுழல்களையே தன் தாளத்துக்கு இழுத்துக்கொள்கிறது. அதன்பின் ஓட்டத்தின் வேகம் ஓரளவு கூடினாலும் குறைந்தாலும் சுழல்கள் குழாயின் தாளத்தை விட்டு விலகுவதில்லை. நீரில், ஆட்டத்தின் வீச்சு குழாயின் விட்டத்தளவுக்கே போகக்கூடும். குழாய் உடனே முறியாது. லட்சக்கணக்கான முறை வளைந்து வளைந்து உலோகம் களைத்து விரிசல் விடும்.

ஆட்டம் எப்போதும் பக்கவாட்டில்தான் வரும் என்றும் சொல்ல முடியாது. 1995 டிசம்பர் 8 அன்று ஜப்பானின் மோன்ஜு வேக ஈனுலை வகை அணு உலையில், இரண்டாம் நிலைச் சோடியக் குழாய்க்குள் நீட்டிக்கொண்டிருந்த வெப்பமானி உறை முறிந்தது. சுமார் 640 கிலோ சோடியம் கசிந்து தீப்பற்றியது. அங்கே சுழல்கள் மாறி மாறிக் கழலவில்லை. இரு பக்கமும் ஒரே நேரத்தில் கழன்று, உறையை ஓட்டத்தின் திசையிலேயே முன்னும் பின்னும் ஆட்டின. இந்த வகை ஆட்டம், பக்கவாட்டு ஆட்டத்துக்குத் தேவையான வேகத்தில் பாதிக்கும் குறைவான வேகத்திலேயே தொடங்கிவிடும். உலை மறுபடி இயங்க 2010 மே மாதம் ஆயிற்று. கல்பாக்கத்தின் வேக ஈனுலைகளிலும் சோடியமே குளிர்விப்பான் என்பதால், விரல் பருமனே உள்ள ஓர் உறை செய்த இந்தச் சேதம் நமக்கும் தொலைதூரச் செய்தியல்ல.

இத்தகைய அதிர்வை முன்கூட்டியே காட்டத்தான் கணினி உருவகம். உருளையைச் சுற்றியுள்ள வெளியைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஓட்டத்தை விவரிக்கும் நேவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாடுகளைக் கணினி தீர்க்கிறது. ஆனால் கொந்தளிப்பான ஓட்டத்தில் பெரிய சுழல் சிறியதாகவும், சிறியது இன்னும் சிறியதாகவும் உடைந்துகொண்டே போகும். மேலே சொன்ன 10 செ.மீ. குழாய்க்கு ரெனால்ட்ஸ் எண் (ஓட்டம் எவ்வளவு எளிதில் கொந்தளிக்கும் என்பதைக் காட்டும் அளவு) சுமார் 1 லட்சம். அந்த ஓட்டத்தின் மிகச்சிறிய சுழல் வரை கணக்கிட, வழக்கமான மதிப்பீட்டின்படி 18,000 கோடிக் கட்டங்கள் வேண்டும். ரெனால்ட்ஸ் எண் இரட்டித்தால் மொத்தக் கணக்கு வேலை ஏறத்தாழ 8 மடங்காகும்.

ஆகவே எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும். சுழல்களை எல்லாம் சராசரியாக்கி, கொந்தளிப்பின் விளைவை ஒரு சூத்திரத்தில் அடக்குவது மலிவான வழி. தொழிற்சாலைக் கணக்குகளில் பெரும்பகுதி இப்படித்தான் நடக்கிறது. பெரிய சுழல்களை நேரடியாகக் கணக்கிட்டு, சிறியவற்றுக்கு மட்டும் சூத்திரம் வைப்பது மற்றொரு வழி. இதற்கு அடித்தளம் இட்டவர் வானிலை ஆய்வாளர் ஸ்மகோரின்ஸ்கி, ஆண்டு 1963. சராசரி முறையில் செய்த கணக்குகள், சோதனைத் தொட்டியில் கண்ட உச்ச வீச்சைப் பல சமயம் எட்டுவதில்லை. உருளையின் ஒரே ஒரு குறுக்குவெட்டை மட்டும் கணக்கிட்டாலோ விசை மிகையாகவே வரும். உண்மையான குழாயில் மேல்பகுதிச் சுழலும் கீழ்ப்பகுதிச் சுழலும் ஒன்றாகக் கழலாமல் ஒன்றையொன்று ஓரளவு ஈடுசெய்கின்றன. வெட்டுமுகக் கணக்கில் அது தெரியாது.

உருளை அசைவது இன்னொரு தொல்லை. ஒவ்வொரு சிறு காலப்படியிலும் கணினி முதலில் ஓட்டத்தைத் தீர்க்கிறது. உருளையின் மேல் விழும் விசையைக் கூட்டுகிறது. அது எவ்வளவு நகரும் என்று பார்க்கிறது. நகர்ந்த இடத்துக்கு ஏற்பக் கட்டங்களை இழுத்து வளைக்கிறது. காற்றில் ஆடும் எஃகுக் கம்பிக்கு இந்தச் சுற்று ஒருமுறை போதும். நீரில் ஆடும் லேசான குழாய்க்குப் போதாது. குழாய் தன்னைச் சுற்றியுள்ள நீரையும் சேர்த்துத் தள்ள வேண்டியிருப்பதால், விசையும் நகர்வும் ஒத்துப்போகும்வரை அதே காலப்படியைத் திரும்பத் திரும்பத் தீர்க்க வேண்டும். இல்லாவிட்டால் கணக்கே தறிகெட்டுப்போகும். ஓட்டத்தின் வேகத்தைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டு வந்தால் ஒரு வீச்சு, குறைத்துக்கொண்டு வந்தால் வேறு வீச்சு எனவும் விடை மாறும். இது கணினியின் பிழை அல்ல. சோதனைத் தொட்டியிலும் அப்படியே நடக்கிறது.

நெருக்கமாக நிற்கும் குழாய்க் கட்டுகளில் நிலைமை இன்னும் கடினம். அங்கே ஒரு குழாயின் அசைவு பக்கத்துக் குழாயைச் சுற்றிய ஓட்டத்தை மாற்றும். குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும், சுழல்களின் தாளம் எதுவும் தேவையில்லாமலே வீச்சு பெருகிவிடும். கலிஃபோர்னியாவின் சான் ஓனோஃப்ரே அணுமின் நிலையத்தில் புதிதாகப் பொருத்திய நீராவி உற்பத்திக் கலன் ஒவ்வொன்றிலும் 9,727 குழாய்கள் இருந்தன. ஓராண்டுகூட ஓடாத ஒரு கலனில் 2012 ஜனவரி 31 அன்று கசிவு ஏற்பட்டது. குழாய்கள் ஒன்றோடொன்று உரசித் தேய்ந்திருந்தன. வடிவமைப்பின்போது பயன்படுத்திய கணினி நிரல், நீராவிக் கலவையின் வேகத்தை உண்மையைவிடக் குறைத்துக் காட்டியிருந்தது பின்னர் தெரியவந்தது. தாங்கு பட்டைகள் ஒரு திசை அசைவைத்தான் தடுத்தன. குழாய்கள் ஆடியதோ மறுதிசையில். 2013 ஜூனில் இரண்டு உலைகளையும் நிரந்தரமாக மூடும் முடிவு அறிவிக்கப்பட்டது.

நீரும் நீராவியும் கலந்தோடும் ஆயிரக்கணக்கான குழாய்களை முழுமையாகக் கணக்கிடுவது இன்றைய கணினிகளுக்கும் எட்டாத வேலை. அதனால் சில குழாய்களை மட்டும் நுணுக்கமாகக் கணக்கிட்டு, அதில் கிடைக்கும் எண்களைச் சோதனையோடு ஒப்பிட்டு, முழுக் கட்டுக்கான எளிய சூத்திரங்களில் பயன்படுத்துகிறார்கள்.