மண்வெட்டியை ஒளித்து வைக்கும் முன்

பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் புறநோயாளர் பிரிவில் முதியோரின் பேச்சே மாறிவிடும். மூட்டுவலியும் சர்க்கரை அளவும் பின்னுக்குப் போய், பிள்ளைகள் எந்த நாளில் வந்து சேர்வார்கள் என்பது முன்னால் வந்து நிற்கும். வளைகுடாவிலிருந்து மகன், பெங்களூரிலிருந்து மகள், பள்ளி விடுமுறை தொடங்கியதும் பேரப்பிள்ளைகள். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்த மாவட்டம் இது. ஆகவே சித்திரை முதல் நாள் இங்குப் பல வீடுகளில் விஷுவும் ஆகும். கணி காண வைப்பதற்குக் கொன்றைப் பூவும் காய்கனிகளும், பேரப்பிள்ளைகளின் கைநீட்டத்துக்குப் புது ரூபாய்த் தாள்களும் என்று பாட்டிமார் பல நாள் முன்பே ஆயத்தமாகிவிடுவார்கள்.

தோட்ட வேலையும் அதே நாட்களில்தான் கூடும். நூல்கள் சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்கின்றன. நாஞ்சில் நாட்டு வெயிலில் நின்று பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் சற்று வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும் இரண்டு பருவமழைகளையும் பெறும் இம்மாவட்டத்தில், அவற்றுக்கு முன்னரே கோடை மழை ஒன்றிரண்டு பெய்து மண்ணை இளக்கிவிடும். மாசியில் நட்ட சேனை முளை காட்டும். காச்சில் கொடி ஏறுவதற்குக் கம்பு ஊன்ற வேண்டும். கிணற்றடியில் நிற்கும் மட்டி வாழைக்குப் பக்கக் கன்று களைய வேண்டும். (2023-இல் அந்த வாழைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, பாட்டிமார்க்கு அது புதிய செய்தியாக இருந்ததாகத் தெரியவில்லை.)

விடுமுறைக்கு வந்த பிள்ளைகள் முதலில் காண்பது, மெலிந்த உடலும் வளைந்த முதுகுமாய் மண்வெட்டியோடு வெயிலில் நிற்கும் தாயை. அவர்கள் பதறுவது இயல்பே. “இனி நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம்” என்று அன்போடு சொல்லிவிட்டு, மண்வெட்டியை எங்கேனும் ஒளித்து வைக்கிறார்கள். அப்படி ஒளித்து வைக்கப்பட்ட ஒரு மண்வெட்டியைப் பற்றியே இங்கே எழுதுகிறோம். அந்த அம்மையாரின் ஒப்புதல் பெற்றிருக்கிறோம். பெயரையும் ஊரையும் தவிர்க்கிறோம்.

அப்போது அவருக்கு வயது 76. கணவர் மறைந்தபின் தனியே இருந்தார். விடியலில் எழுந்து முற்றம் பெருக்கி, கருப்பட்டிக் காப்பி குடித்து, செடிகளுக்கு நீர் விட்டு, பத்து மணிக்குக் கஞ்சியும் பயறும். மாலையில் மீண்டும் புறக்கடைத் தோட்டம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு பங்குனிக் காலையில் கிணற்றடியில் விழுந்து, இடது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. சித்திரையில் வந்த பிள்ளைகள் இனியொரு முறை அப்படி நேரக்கூடாது என்று உறுதி பூண்டார்கள். புறக்கடை முழுவதும் சமன் செய்து தரையோடு பாவப்பட்டது. சமையலுக்கு ஆள் அமர்த்தினார்கள். தொலைக்காட்சியும் சாய்வு நாற்காலியும் வந்தன. குறை சொல்ல இடமில்லாத பிள்ளைகள்.

புரட்டாசியில் அவரை எங்களிடம் அழைத்து வந்தபோது எடை 4 கிலோ குறைந்திருந்தது. பசி இல்லை, உறக்கம் இல்லை. கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழ இயலவில்லை. புற்றுநோயோ என்று குடும்பத்தார் அஞ்சினார்கள். இரத்தப் பரிசோதனைகளும் ஊடுகதிர்ப் படங்களும் எதையும் காட்டவில்லை. அம்மையாரிடமே கேட்டோம். “எனக்கு ஒரு சீக்கும் இல்ல டாக்டரே. செய்யதுக்கு ஒண்ணும் இல்ல, அதுதான்” என்றார்.

அவர் சொன்னது மருத்துவ முறைப்படியும் சரியே. முதுமையில் தசை மிக விரைவாகக் கரையும். 2007-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நலமாயிருந்த முதியவர்கள் 10 நாட்கள் படுக்கையிலேயே இருந்தபோது, கால்களில் மட்டும் சராசரியாக ஏறத்தாழ 1 கிலோ தசையை இழந்தார்கள். நாற்காலியில் கழியும் ஆறு மாதங்கள் அதே வேலையை மெதுவாகச் செய்யும். கால் தசை குன்றியவரே எளிதில் மீண்டும் விழுகிறார். விழக்கூடாது என்பதற்காக அமர்த்தி வைத்தது, விழுவதற்கான வழியையே சீர்செய்து கொடுத்திருந்தது.

அதோடு முடியவில்லை. அவர் ஏன் விழுந்தார் என்று அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை. படுத்த நிலையில் அவருடைய மேல் இரத்த அழுத்தம் 146. எழுந்து நின்று மூன்று நிமிடத்தில் 112. நிற்கும்போது 20 அலகுக்கு மேல் இறங்கினாலே தலைசுற்றலுக்கும் வீழ்ச்சிக்கும் இடமுண்டு. அவர் உட்கொண்ட மாத்திரைகளைப் பையோடு கொண்டுவரச் சொல்லி மேசையில் பரப்பினோம். இரத்த அழுத்தத்துக்கு இரண்டு, சிறுநீரைக் கூட்டுவதற்கு ஒன்று, வேறோரிடத்தில் கொடுத்த உறக்க மாத்திரை ஒன்று. அவற்றுள் சிறுநீர் மாத்திரையைச் சேர்த்து எழுதியது எங்கள் பிரிவின் சீட்டே. விழுவதற்குச் சில வாரங்கள் முன்னர், உட்கார்ந்த நிலையில் மட்டும் அழுத்தத்தை அளந்துவிட்டு எழுதியது. கிணற்றடியும் வழுக்கவில்லை, தோட்டமும் தள்ளிவிடவில்லை. இதை அவருடைய மகனிடம் தொலைபேசியில் சொன்னபோது மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை.

சிறுநீர் மாத்திரையை நிறுத்தினோம். உறக்க மாத்திரையைச் சில வாரங்களில் படிப்படியாகக் குறைத்து விலக்கினோம். அதை ஒரே நாளில் நிறுத்துவது தவறு. இரத்த அழுத்த மாத்திரைகளுள் ஒன்றின் அளவைக் குறைத்தோம். நாள்தோறும் ஒரு முட்டை, சிறுபயறு, வாரத்தில் சில நாட்கள் சாளை மீன் என்று உணவில் புரதம் கூடியது. நாற்காலியிலிருந்து எழுந்து அமரும் பயிற்சியை, முதலில் கையூன்றியும் பின்னர் ஊன்றாமலும், காலையும் மாலையும் பத்து முறை செய்தார். பின்னர், மண்வெட்டியைத் திருப்பிக் கொடுக்குமாறு குடும்பத்தாரிடம் கேட்டோம்.

அதற்குத்தான் நீண்ட பேச்சு தேவைப்பட்டது. 65 வயது கடந்தவர்களும் வாரம் 150 நிமிடமேனும் உடலியக்கம் கொள்ள வேண்டும், அதில் மூன்று நாட்களேனும் சமநிலையும் வலுவும் தரும் அசைவுகள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். குனிந்து களை பறித்து நிமிர்வது, மேடுபள்ளத்தில் கால் பார்த்து வைப்பது, நீர்க்குடம் தூக்குவது எல்லாம் அதில் அடங்கும். இந்த வயதில் புதிதாக உடற்பயிற்சி நிலையத்துக்குப் போகச் சொன்னால் யார் போகப் போகிறார்கள்?

ஆனால் பழையபடியே விட்டுவிடவும் முடியாது. சேனைக்குக் குழி எடுப்பது இளையவர் வேலை என்று பிரித்தோம். விதைச் சேனையைத் தேர்ந்து, கண் மேலே பார்க்க வைப்பது அவருடையது. சென்ற சித்திரையில் வந்த மகன் இடுப்பளவு உயரத்தில் ஒரு நீண்ட மேடை கட்டினார். வெண்டையும் கத்தரியும் கீரையும் வளர்ப்புப் பைகளில் அதன்மேல் ஏறின, குனிய வேண்டிய பொழுது குறைந்தது. வாளிக்குப் பதிலாக நீர்க்குழாய். எட்டரை மணிக்கு மேல் வெயிலில் நிற்பதில்லை, மாலையில் நான்கரைக்குப் பின்பே. வெறுங்காலோடு மண்ணில் இறங்குவதில்லை என்பதை மட்டும் அவர் ஒப்புக்கொள்ளவே மாட்டேன் என்றார். நீரிழிவு உடையவர்களுக்கு உணர்ச்சி குன்றிய பாதத்தில் ஒரு முள் தைத்தாலே புண் ஆறாமல் போகக்கூடும் என்பதையும், மழைக்குப்பின் எலியின் சிறுநீர் கலந்த ஈர மண்ணிலிருந்து சிறு கீறல் வழியே எலிக்காய்ச்சல் புகும் என்பதையும் விளக்கியபின் இசைந்தார். தோட்ட வேலை செய்பவர்க்குக் காய்ச்சல் வந்தால், அந்த வேலையைப் பற்றி மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள். உடலில் எங்கேனும் வலியற்ற கருப்புப் பொருக்கு இருந்தால் அதையும் காட்டுங்கள்; உண்ணிக்காய்ச்சலின் அடையாளமாக இருக்கலாம்.

இந்தச் சித்திரைக்கு வீடு திரும்பும் பிள்ளைகளிடம் எங்களுக்குச் சில வேண்டுகோள்கள் உண்டு. கைநீட்டம் வாங்கும்போது அந்தக் கையைச் சற்று இறுகப் பற்றிப் பாருங்கள். ஆசிய நாடுகளுக்கான 2019 அளவுகோலின்படி பெண்களின் பிடிவலிமை 18 கிலோவுக்குக் கீழ் இருந்தால் தசைக் குறைவு என்று ஐயுறுகிறோம்; கருவியில்லாத உங்களுக்கு, சென்ற ஆண்டின் பிடி நினைவிருந்தால் போதும். வளையல் முழங்கை வரை சரிகிறதா என்று பாருங்கள். கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து அமர 12 விநாடிக்கு மேல் ஆனால் எங்களிடம் அழைத்து வாருங்கள். எல்லா மாத்திரைகளையும், பழைய சீட்டுகளையும், பக்கத்து வீட்டார் கொடுத்ததையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். நின்ற நிலையிலும் அழுத்தத்தை அளக்குமாறு எங்களைக் கேளுங்கள். நாங்கள் மறந்திருந்தால் நினைவூட்டுவதில் தவறேயில்லை. வருக்கைச் சக்கையும் செங்கவருக்கை மாம்பழமும் பேரப்பிள்ளைகளோடு சேர்ந்து தின்ற வாரத்தில் சர்க்கரை கூடியிருந்தால் அதற்காக அவர்களைத் திட்டாதீர்கள். அளவைச் சொல்லுங்கள், பார்த்துக்கொள்வோம்.

பிள்ளைகள் திரும்பிச் சென்றபின், இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டு முதல் நடைமுறையில் உள்ளது. முதியோர் உதவி எண் 14567. இரண்டையும் சுவரில் எழுதி வைத்துவிட்டுப் போங்கள்.

அம்மையாரைச் சென்ற வாரம் பார்த்தோம். இழந்த 4 கிலோவில் 3 திரும்பியிருக்கிறது. நின்ற நிலையில் அழுத்தம் 130. ஐந்து முறை எழுந்தமர 11 விநாடி ஆனது. செவிலியரிடம் ஒரு கட்டுக் கீரையை நீட்டிவிட்டு எங்களிடம் திரும்பி, மகன் வருவதற்குள் கிழக்கு மூலையில் பாவிய தரையில் நான்கு கல்லைப் பெயர்க்க ஆள் சொல்லியிருப்பதாகவும், அங்கே காச்சில் வைக்கப் போவதாகவும் சொன்னார். மகனிடம் இதை நாங்கள் சொல்லிவிடக் கூடாதாம்.