மாடு முட்டினால் யார் பொறுப்பு?

2023 ஆகஸ்டில் சென்னை அரும்பாக்கத்தில், பள்ளி விட்டுத் தாயுடன் வீடு திரும்பிய ஒரு சிறுமியைத் தெருவில் திரிந்த மாடு தூக்கி வீசி, விடாமல் முட்டியது. அந்தக் காணொளியை நம்மில் பலர் கைபேசியில் பார்த்துப் பதறியிருப்போம். ஆனால் நமது மஹல்லாவிலேயே அவிழ்த்து விடப்பட்ட மாட்டையும், வாசலில் கட்டாமல் கிடக்கும் நாயையும் தினமும் கடந்துதான் போகிறோம். உரிமையாளரிடம் கேட்டால், "வாயில்லா ஜீவன், அது செய்ததற்கு நான் என்ன செய்ய முடியும்?" என்று பதில் வருகிறது.

சிலர் ஒருபடி மேலே போய் ஹதீஸையே ஆதாரம் காட்டுகிறார்கள். விலங்கு ஏற்படுத்தும் காயத்திற்கு நஷ்டஈடு இல்லை என்ற கருத்தில் புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் ஹதீஸ் இருப்பது உண்மை. ஆதாரபூர்வமான ஹதீஸ்தான். ஆனால் அதை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டால் தவறான முடிவுக்கே போய்ச் சேருவோம். உரிமையாளரின் பங்கோ அலட்சியமோ இல்லாமல் விலங்கு தானாகச் செய்ததையே அது குறிக்கும் என்று இமாம்கள் விளக்கியுள்ளார்கள்.

இரண்டு தீர்ப்புகள்

திருக்குர்ஆனின் 21ஆவது அத்தியாயம் 78, 79ஆம் வசனங்களில் ஒரு வழக்கு சொல்லப்படுகிறது. ஒரு கூட்டத்தாரின் ஆடுகள் இரவில் இன்னொருவருடைய விளைநிலத்தில் புகுந்து மேய்ந்துவிட்டன. ஆடுகளை நிலத்துக்காரருக்கே கொடுத்துவிட வேண்டும் என்று தாவூத் நபி (அலை) தீர்ப்பளித்தார்கள். சுலைமான் நபி (அலை) வேறொரு வழி சொன்னார்கள். நிலம் பழைய நிலைக்கு வரும்வரை ஆட்டுக்காரர் அதில் பாடுபட வேண்டும்; அதுவரை ஆடுகளின் பாலையும் ரோமத்தையும் நிலத்துக்காரர் அனுபவிக்கலாம்; பிறகு அவரவர் பொருள் அவரவருக்கு. தஃப்ஸீர் நூல்கள் இவ்வாறு விளக்குகின்றன. இரண்டு தீர்ப்புகளிலும் ஆட்டுக்காரர் பொறுப்பிலிருந்து தப்பவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

நபி (ஸல்) அவர்களின் காலத்திலும் இதுபோன்ற வழக்கு வந்தது. பராஉ பின் ஆஸிப் (ரலி) அவர்களின் ஒட்டகம் ஒருவருடைய தோட்டத்தில் புகுந்து பாழாக்கிவிட்டது. பகலில் தோட்டத்தைக் காப்பது தோட்டக்காரரின் கடமை, இரவில் கால்நடையைக் காப்பது அதன் உரிமையாளரின் கடமை, இரவில் கால்நடை செய்யும் சேதத்திற்கு உரிமையாளரே பொறுப்பு என்று நபியவர்கள் தீர்ப்பளித்தார்கள். அபூதாவூத், இப்னுமாஜா ஆகிய நூல்களில் இது பதிவாகியுள்ளது.

மத்ஹபுகள் சொல்வது

பகலில் கால்நடையை மேய விடுவது கிராமத்து வழக்கம். அதனால்தான் பகலுக்கு ஒரு சட்டம், இரவுக்கு ஒரு சட்டம். நகரத் தெருவில் அந்த வழக்கம் கிடையாது. எனவே ஊருக்குள் கால்நடையை அவிழ்த்து விட்டால், அது பகலில் செய்த சேதத்திற்கும் உரிமையாளரே பொறுப்பு என்று ஷாஃபிஈ மத்ஹபு நூல்கள் கூறுகின்றன. பூனையைப் பற்றிக்கூட அந்த நூல்களில் சட்டம் உண்டு. பக்கத்து வீட்டுக் கோழிக்குஞ்சைப் பிடிக்கும், உணவைத் தின்னும் என்று தெரிந்த பூனையாக இருந்தால், இரவோ பகலோ அதன் சொந்தக்காரர் நஷ்டஈடு கொடுக்க வேண்டும். அதற்கு அந்தப் பழக்கம் இருந்ததில்லை என்றால் கொடுக்க வேண்டியதில்லை.

ஹனஃபி மத்ஹபின் அடிப்படையில் உஸ்மானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை தொகுத்த 'மஜல்லா' என்ற சட்டத் தொகுப்பின் 929ஆவது பிரிவும் இதையே பேசுகிறது. விலங்கு தானாகச் செய்த சேதத்திற்கு உரிமையாளர் பொறுப்பல்ல என்றுதான் அது தொடங்குகிறது. ஆனால் தன் விலங்கு பிறர் பொருளை அழிப்பதைப் பார்த்தும் தடுக்காதவர் நஷ்டஈடு தர வேண்டும். முட்டும் மாடு, கடிக்கும் நாய் போன்றவற்றை வைத்திருப்பவரிடம் அந்த ஊரார் அல்லது தெருவாரில் ஒருவர் "கட்டி வை" என்று சொல்லியும் அவர் கட்டாமல் விட்டால், அதன்பின் நேரும் சேதம் அவர் தலையில்தான்.

ஆக, உரிமையாளருக்குத் தெரிந்திருந்ததா, தடுக்க அவரால் முடிந்திருந்ததா என்பவையே கேள்விகள். ஒருமுறை எச்சரிக்கப்பட்டவர் "எனக்குத் தெரியாது" என்று சொல்ல வழியில்லை.

நாட்டுச் சட்டம்

நமது நாட்டுச் சட்டமும் இதே திசையில்தான் இருக்கிறது. 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம், பயிரை மேயும் மாட்டைப் பிடித்து 24 மணி நேரத்திற்குள் பவுண்டில் சேர்க்க நிலத்துக்காரருக்கு உரிமை தருகிறது. மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேரக்கூடிய விதத்தில் தன் விலங்கைக் கவனிக்காமல் விடுபவருக்கு, பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆவது பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். சென்னை மாநகராட்சி தெருவில் திரியும் மாடுகளைப் பிடித்து அபராதம் விதிக்கிறது. முதல் முறைக்கு 10,000 ரூபாய், மீண்டும் பிடிபட்டால் 15,000 ரூபாய் என 2024இல் அந்தத் தொகை உயர்த்தப்பட்டது. வீட்டு நாய்க்கு மாநகராட்சி உரிமமும் வெறிநோய்த் தடுப்பூசியும் அவசியம்.

அபராதம் கட்டினால் முடிந்ததா?

இல்லை. அபராதம் அரசுக்குப் போகிறது. காயம்பட்ட பிள்ளையின் மருத்துவச் செலவும், வேலைக்குப் போக முடியாமல் அதன் தந்தை இழந்த கூலியும் அப்படியே நிற்கின்றன. இது அடியார்களின் உரிமை சம்பந்தப்பட்டது. உரியவர் மன்னிக்காதவரை, அல்லது அவருக்குரியதை நாம் கொடுக்காதவரை, மறுமையிலும் இந்தக் கணக்கு தீராது. தன் தொல்லையிலிருந்து அண்டை வீட்டார் பாதுகாப்புப் பெறாதவர் உண்மையான இறைநம்பிக்கையாளர் அல்லர் என்ற நபிமொழியும் நாம் அறிந்ததே. அண்டை வீட்டார் எந்த மதத்தவராக இருந்தாலும் இந்தக் கடமை மாறாது.

நாம் செய்ய வேண்டியவை

மாடு முட்டும், நாய் பாயும் என்று தெரிந்தால் உரிமையாளரிடம் நேரில், கண்ணியமாகச் சொல்ல வேண்டும். தனியாகச் சொல்லத் தயங்குபவர் ஜமாஅத் நிர்வாகிகளை உடன் அழைத்துச் செல்லலாம். "நமக்கேன் வம்பு" என்று ஒதுங்குவது நல்லதல்ல. கேட்காதவர் மீது உள்ளாட்சியிலும் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். விலங்கை அடித்தோ விஷம் வைத்தோ தீர்த்துக்கொள்ள யாருக்கும் அனுமதி இல்லை.

பக்ரீதுக்குச் சில நாட்கள் முன்பே குர்பானி ஆடு, மாடுகளை வாங்கி வந்து தெருவிலும் அடுக்குமாடி வாசலிலும் கட்டுகிறோம். வழியை அடைக்காமல், உறுதியான கயிற்றில் கட்டி, சாணத்தையும் தழையையும் அன்றன்றே அகற்ற வேண்டும். மாட்டைப் பிள்ளைகளின் கையில் கொடுத்து வேடிக்கை பார்க்கக் கூடாது.

வேட்டை, கால்நடை, விவசாயம் ஆகியவற்றுக்கு நாய் வளர்க்க மார்க்கத்தில் அனுமதி உண்டு. அப்படி வளர்ப்பவர் அதைக் கட்டியே வெளியே அழைத்துச் செல்ல வேண்டும். யாரையாவது கடித்துவிட்டால், காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவச் செய்து, உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று தடுப்பூசி போடுவது அவருடைய பொறுப்பு.

கட்டுவதிலும் இரக்கம் வேண்டும். பூனையைக் கட்டி வைத்து, உணவும் கொடுக்காமல், தானே தேடித் தின்னவும் விடாத ஒரு பெண் அதன் காரணமாக நரகம் சென்றதை நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். கட்டிய விலங்கிற்குத் தீனி, தண்ணீர், நிழல் மூன்றும் அதன் உரிமை.

நம் கையில் ஒப்படைக்கப்பட்ட உயிர்களைப் பேணவும், நம்மால் எவருக்கும் தீங்கு நேராமல் வாழவும் அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.