சளி விட்டுப்போன பிறகு வரும் காய்ச்சல்

கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது மலேசியாவின் பிரிஞ்சாங். குளிர் ஊர். பிள்ளைகளுக்கு மூக்கொழுகும், இருமும், நாலு நாளில் விட்டுப்போகும். பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். ஆனால் கோவிட் கிருமியால் வந்து விட்டுப்போன சளி சில வாரம் கழித்து வேறு வேடத்தில் திரும்பியதை 2020இல் மருத்துவர்கள் கண்டார்கள்.

அந்த ஏப்ரலில், தென்கிழக்கு இங்கிலாந்தில் பத்தே நாளில் 8 பிள்ளைகள் ரத்த அழுத்தம் சரிந்து தீவிர சிகிச்சைக்கு வந்தார்கள். அடுத்து சென்னை. மே முதல் ஜூலை வரை 4 மருத்துவமனைகளில் 19 குழந்தைகள். கடும் காய்ச்சல், சிவந்த கண், தோலில் தடிப்பு, வாந்தி, வயிற்றுப்போக்கு. சிலருக்கு இதயத் தமனியிலும் பாதிப்பு. ஜப்பானிய மருத்துவர் தொமிசாகு கவாசாக்கி 1967இல் விவரித்த நோயின் சாயல் இதில் இருந்தது. சென்னைக் குழந்தைகள் 19 பேரும் பிழைத்தார்கள். இந்த நோயின் பெயர் மிஸ்-சி.

கோவிட் தொற்றி 2 முதல் 6 வாரத்தில் இது தலைகாட்டும். அதற்குள் பலருடைய உடலில் கிருமி இருக்காது. அதை எதிர்க்க உருவான ஆன்டிபாடி மட்டும் இருக்கும். அப்படியானால் அடிப்பது யார்?

அமெரிக்க ஆய்வாளர்கள் 2024இல் விடையின் ஒரு பகுதியைக் கண்டார்கள். மிஸ்-சி வந்த 199 பிள்ளைகளின் ரத்தத்தைச் சோதித்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோரின் ஆன்டிபாடிகள் கோவிட் கிருமியின் ஒரு துண்டையும், நம் உடலின் சொந்தப் புரதமான எஸ்என்எக்ஸ்8-ஐயும் ஒன்றுபோலப் பற்றின. திருடனைத் தேடிப்போன போலீஸ் முகச்சாயலை வைத்து வீட்டுக்காரரையே பிடித்த மாதிரிதான். மீதிப் பிள்ளைகளுக்கு இந்த விளக்கம் பொருந்தவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நோய் அரிது, மருந்தும் உண்டு. தானமாகக் கிடைத்த ரத்தத்திலிருந்து பிரித்த இம்யூனோகுளோபுலினைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள், ஸ்டீராய்டு கொடுப்பார்கள். நேரத்தோடு தொடங்குவதுதான் முக்கியம். பிரிஞ்சாங் மக்களுக்கு அங்கேதான் சிக்கல்: பக்கத்து மருத்துவமனை தானா ராத்தாவில் இருக்கிறது, பெரிய மருத்துவமனைக்கு வளைந்து வளைந்து ஈப்போவரை இறங்க வேண்டும்.

ஆகவே, சளி விட்ட சில வாரத்தில் பிள்ளைக்குக் கடும் காய்ச்சலோடு கண் சிவந்து, உடம்பில் தடிப்பும் தெரிந்தால், மழையில் நனைந்ததுதான் காரணம் என்று காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். முந்தின சளி எந்தத் தேதியில் வந்தது என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.