சூட்டின் காரணம் அறிதல்

கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியாக ஓசூரை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை மேட்டுநிலத்தின்மீது ஏறிச் செல்கிறது. அவ்வேற்றத்தைக் கடந்து, கருநாடக எல்லையை ஒட்டிய ஜூஜுவாடியில் நெரிசலில் ஊர்ந்து செல்லும் அம்பாசிடர் போன்ற பழைய மகிழுந்தின் முன்மூடி இடுக்கில் நீராவி எழுவதுண்டு. அதற்குக் காரணம் யாது?

எரிபொருள் எரிவதால் தோன்றும் வெப்பத்தின் ஒரு பகுதியை நீர் ஏந்திச் சென்று, ரேடியேட்டரில் காற்றுக்கு அளிக்கிறது. இச்சுழற்சியில் எங்குத் தடை நேரினும் பொறி மிகையாகச் சூடேறும். எப்போது சூடேறுகிறது என்பதே முதற்குறிப்பு. நிற்கும்போது சூடேறி, ஓடும்போது தணிந்தால் விசிறியையும் அதன் பட்டையையும் ஆராய வேண்டும். ஏற்றத்திலும் விரைவிலும் சூடேறினால் ரேடியேட்டரில் அடைப்பு இருக்கலாம். நீர் நிறைந்திருந்து, வெப்பமானி உயர்ந்தும் மேற்குழாய் சூடேறாவிடில், தெர்மோஸ்டாட் திறக்கவில்லை எனக் கருதலாம். வெளிக்கசிவின்றி நீர் குறைந்து, புகைபோக்கியில் வெண்புகை நீடித்தால் சிலிண்டர் தலையின் கேஸ்கட் பழுதென ஐயுறலாம்.

ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள ஓசூரில் நீர் சுமார் 97° செல்சியஸிலேயே கொதிக்கும். ரேடியேட்டர் மூடி உள்ளழுத்தத்தைக் கூட்டி அக்கொதிநிலையை உயர்த்துகிறது. சூடாக இருக்கையில் மூடியைத் திறந்தால், அழுத்தம் சட்டென நீங்கிக் கொதிநீர் முகத்தில் பீறிடும். ஆகவே, பொறியை நிறுத்தி, நன்கு ஆறிய பின்னரே திறத்தல் வேண்டும்.

நீரை மட்டும் ஊற்றிப் பயணத்தைத் தொடர்வது அறிகுறியைத் தணிப்பதே ஆகும். காரணத்தைக் கண்டு களைவதே பழுதுநீக்கம்.