நேரம் பார்த்து ஏறும் கட்டணம்

தர்மபுரியிலிருந்து தொப்பூர் வழியாகச் சேலம் போகிறவர்களுக்கு ஒரு கேள்வி. பாளையம் சுங்கச்சாவடியில் காலையில் ஒரு கட்டணம், நடுராத்திரியில் ஒரு கட்டணம் என்றால் ஒத்துக்கொள்வீர்களா? நல்லவேளை, நம்ம ஊரில் அந்தப் பேச்சே இல்லை. பொங்கல் கூட்டமோ, ஆளரவமில்லாத அகால வேளையோ, நேரம் பார்த்து ஃபாஸ்டேகில் தொகை மாறாது.

ஆனால் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 1995-லேயே இப்படி ஒரு சாலை வந்துவிட்டது. நெரிசலில் திணறிய நெடுஞ்சாலையின் நடுவே தனித் தடங்கள் போட்டார்கள். அவசரக்காரர்கள் காசு கொடுத்து அதில் பறக்கலாம். மற்றவர்கள் பக்கத்திலேயே இலவசமாக ஊர்ந்து போகலாம். வண்டியை நிறுத்தவே வேண்டாம், பணம் தானாகக் கழிந்துவிடும். கூட்ட நேரத்தில் கட்டணம் ஏறும், கூட்டம் ஓய்ந்தால் இறங்கும். விலை ஏறினால் சிலர் ஒதுங்குவார்கள், தடம் அடைபடாது. அதுதான் கணக்கு!

பணக்காரர்களுக்கு மட்டும் தனிப் பாதையா என்று அங்கேயும் கேட்காமல் இல்லை. கேட்க வேண்டிய கேள்விதானே? இன்னொன்று, ஒரே காரில் மூன்று பேர் சேர்ந்து போனால் அங்கே சலுகை உண்டு. நம்ம ஷேர் ஆட்டோக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள்!