உழுபவருக்குக் கடன் எப்போது? அந்தமானில் தடையாக நிற்கும் நில ஆவணம்

புதுதில்லி: டெய்ரி ஃபார்ம், பெயரில்தான் பண்ணை. 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரின் குடியிருப்புப் பகுதிகளில் ஒன்று அது. நகரை அடுத்த சிப்பிகாட்டில் 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு முன் நெல் விளைந்தது. நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமானின் தரைமட்டமே தாழ்ந்துவிட, ஆவணத்தில் வயலாக இருந்த இடங்கள் உப்புநீர்ப் பரப்பாயின.

நிலமும் ஆவணமும் பொருந்தாத இந்த நிலை சுனாமியால் மட்டும் வந்ததல்ல. 1966-ஆம் ஆண்டின் நில வருவாய், நிலச் சீர்திருத்த ஒழுங்குமுறைப்படி தீவுகளின் நிலம் முழுவதும் அரசுக்குச் சொந்தம். நாடு பிரிந்தபின் குடியேற்றப்பட்ட வங்காள அகதிக் குடும்பங்களுக்கு அரசு நிலம் ஒதுக்கியது. தமிழர்களில் பலரோ கூலி வேலைக்குக் கப்பலேறியவர்கள். அத்தகையோர் பயிர் செய்ய விரும்பினால் பிறர் நிலத்தை வாய்மொழிக் குத்தகைக்கு எடுப்பதே வழி.

விதியில் குறையில்லை. 1998-ல் தொடங்கிய கிசான் கடன் அட்டைத் திட்டத்தில் குத்தகைதாரருக்கும், வாய்மொழிக் குத்தகைதாரருக்கும், வாரத்துக்கு உழுபவருக்கும் இடமுண்டு. ஈடு கேட்காமல் வழங்கும் வேளாண் கடனின் வரம்பை ரிசர்வ் வங்கி 2025 ஜனவரி முதல் 2 லட்சம் ரூபாயாக உயர்த்தியுள்ளது. ஆனால் ஈடு வேண்டாம் என்பதற்கு ஆவணமே வேண்டாம் என்று பொருளல்ல. பயிர் செய்பவர் இவர்தான் என்பதற்கு வங்கி ஏதேனும் சான்று கேட்கிறது. குத்தகையை எழுதிக் கொடுத்தால் நிலம் கைவிட்டுப் போகும் என்ற அச்சம் நாடெங்கும் உள்ளது. நிலம் வைத்திருப்பவரே அரசின் தயவில் இருக்கும் தீவுகளில் அவர் கையெழுத்திடத் தயங்குவதில் வியப்பில்லை.

நிலம் குறையக் குறைய வங்கியும் விலகிப் போகிறது என்பதை 2013-ல் நடந்த தேசிய மாதிரி ஆய்வு காட்டியது. 10 ஹெக்டேருக்கு மேல் நிலமுள்ள வேளாண் குடும்பங்களின் கடனில் 79 சதவீதம் வங்கி, கூட்டுறவு போன்ற நிறுவனங்கள் தந்தது. ஏறக்குறைய நிலமே இல்லாதோரின் கடனில் அது 15 சதவீதம். எஞ்சியதில் பெரும்பகுதி வட்டிக்காரர், உறவினர், வியாபாரி ஆகியோரிடம் வாங்கியது.

இதற்கிடையே, அந்தமான் நிகோபார் மாநிலக் கூட்டுறவு வங்கியில் போலி நிறுவனங்களின் பெயரில் பெருந்தொகைகள் கடனாகப் பெறப்பட்டன என்று 2025-ல் அமலாக்கத் துறை குற்றம்சாட்டியது. குற்றச்சாட்டு நீதிமன்றத்தில் நிரூபிக்கப்பட வேண்டும். ஆனால் கத்தரியும் வெண்டையும் பயிரிட முன்பணம் தேடுகிறவரிடம் எத்தனை காகிதம் கேட்கப்படுகிறது என்பதை எண்ணாமல் அச்செய்தியைப் படிக்க முடியாது.

வழி தெரியாத சிக்கலும் அல்ல இது. குத்தகை உரிமையைப் பதிவு செய்யத் தமிழகம் 1969-லேயே சட்டம் இயற்றியது. ஆந்திரம் 2019-ல், நில உரிமையைத் தொடாமல், பயிர் செய்பவருக்கு 11 மாத ஒப்பந்தத்தின் பேரில் கடன் பெற வழிசெய்யும் சட்டம் கொண்டுவந்தது. அங்கும் நில உரிமையாளரின் கையெழுத்து தேவை என்பதால் பலன் முழுமையாக எட்டவில்லை. அந்தமானுக்கோ சட்டமன்றமே இல்லை. 1966 ஒழுங்குமுறை குடியரசுத் தலைவரால் பிறப்பிக்கப்பட்டது. குத்தகைதாரருக்காக அதில் ஒரு வரி சேர்ப்பதானாலும் கோப்பு தில்லிக்குத்தான் வர வேண்டும்.